ராத்திரி தூங்கிய கிளிமீனை அடித்துவிட்டேன்: வெளிநாட்டுக் கடலில் ஈட்டி போடுவது பற்றி

#1 கஹாங் ரோட்

வணக்கம். நான் மலேசியாவில் குளுவாங் பக்கம், செம்பனை ஆலையில் ஃபிட்டர். இரண்டு வருடமாக இங்கே தூண்டில் பகுதியைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேர், எல்லாரும் ஒரே தோட்ட லயத்தில் வளர்ந்தவர்கள், அண்டை நாட்டுத் தீவு ஒன்றுக்குப் போனோம். தீவின் பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் சாயங்காலம், பகலெல்லாம் எங்களைச் சுற்றிக் காட்டிய படகுக்காரரே வந்து, ராத்திரி ஈட்டி போடப் போகலாமா என்று கேட்டார். ஆளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). ஈட்டித் துப்பாக்கி, அதாவது ஸ்பியர்கன், டார்ச், முகக் கண்ணாடி எல்லாம் அவருடையது. நானும் இன்னொருவனும் போனோம்.

இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. டார்ச் வெளிச்சத்தில் பாறை இடுக்கில் ஒரு பச்சை மீன் தெரிந்தது. நம் பாசாரில் ஈக்கான் பாயான் என்று விற்கும் கிளிமீன். ஒரு முழத்துக்கு மேல் நீளம். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அசையவில்லை. அதைச் சுற்றிக் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு, உள்ளே செவுள் மெதுவாகத் திறந்து மூடுவது தெரிந்தது. கை நீட்டினால் தொடலாம். அவ்வளவு பக்கத்தில் வைத்து அடித்தேன். ஈட்டியை இழுத்தபோது அந்தச் சவ்வும் பாலாடை மாதிரி கம்பியில் சுற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, நாங்கள் பசியாறும் கடைக்காரம்மா, கூடையில் கிடந்த தலையைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். "அது பூங்கா மீன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம்தான் விசாரித்தோம். அந்த விரிகுடா முழுக்கத் தேசியப் பூங்காவாம். அறிவிப்புப் பலகை தீவின் மறுபக்கம் இருந்தது.

யாரும் எங்களைப் பிடிக்கவில்லை, அபராதமும் இல்லை. ஆனால் அந்தச் செவுள் அசைந்தது கண்ணிலேயே நிற்கிறது. இப்போது ஆஸ்திரேலியாவில் கேர்ன்ஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் டிசம்பரில் வரச் சொல்கிறான். அவனிடம் இரண்டு ஸ்பியர்கன் இருக்கிறது. எனக்கும் போக ஆசைதான். போவதற்கு முன்னால், ஒரு நாட்டில் என்ன சட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது, சட்டம் விட்டாலும் எந்த மீனை அடிக்கக்கூடாது, இந்த இரண்டையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பாலோ பையன்

அண்ணே, இதை வெளியே சொன்னதே பெரிய விஷயம். போன வருடம் எங்களையும் ஒருவர் இப்படித்தான் கூப்பிட்டார். நாங்கள் போகவில்லை. சரி, தவறு தெரிந்து இல்லை, இருட்டுக் கடலுக்குப் பயந்துதான். இழையைத் தொடர்கிறேன்.

#3 மெர்சிங் படகு

தம்பி, நான் கஹாங்கில் பிறந்தவன், இருபது வருடமாக மெர்சிங்கில் படகு ஓட்டுகிறேன். வெளிநாடு இருக்கட்டும், முதலில் நம் வாசலைப் பார்ப்போம்.

ராவா, பெசார், திங்கி, சிபு, ஆவுர், பெமாங்கில், அந்தப் பக்கம் பகாங்கில் தியோமான், எல்லாமே கடல் பூங்கா. 1994-இல் வந்த ஆணைப்படி தீவின் கரையிலிருந்து 2 கடல் மைல் வரை எல்லை, அதாவது 3.7 கிலோமீட்டர். அதற்குள் ஈட்டியும் கிடையாது, தூண்டிலும் கிடையாது, சிப்பி பொறுக்குவதும் கிடையாது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் இதற்கு அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. கடலில் கோடு போட்டு வைத்திருக்கமாட்டார்கள். நான் வைத்திருக்கும் கணக்கு, தீவின் மணல் கண்ணுக்குத் தெரிந்தால் நீ உள்ளே இருக்கிறாய்.

பையில் துணிக்கு அடியில் ஸ்பியர்கன்னைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீளத்தை வைத்தே தெரிந்துவிடும். படகுத்துறையிலேயே, அது காரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். கோபப்படுவார்கள். பரவாயில்லை.

தாய்லாந்து பக்கம் போகிறவர்களுக்கும் ஒன்று. லங்காவியிலிருந்து ஃபெர்ரி ஏறி நம் ஆட்கள் நிறையப் பேர் லிப்பே போகிறார்கள். லிப்பே இருப்பது தாருத்தாவ் தேசியப் பூங்காவுக்குள். சிமிலான், சூரின் தீவுகளும் பூங்காதான். கடை வீதி, மசாஜ், பாட்டு எல்லாம் இருப்பதால் அது பூங்கா என்ற நினைப்பே வராது. மாலத்தீவில் பூங்கா, வெளி என்ற பேச்சே இல்லை, ஈட்டி போடுவதே நாடு முழுக்கத் தடை.

இன்னொன்று. படகுக்காரர் "தாக் அப்பா, ஒன்றும் ஆகாது" என்றால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: இதே இடத்துக்குப் பகலில் போகலாமா? பகலில் வரமாட்டேன் என்றால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நானும் படகுக்காரன்தான், அதனால் சொல்கிறேன். அபராதம் வந்தால் அவர் தன் ஊரில் யாரையாவது பார்த்துச் சமாளித்துக்கொள்வார். வெளியூர்க்காரன் பாஸ்போர்ட்டோடு நிற்பாய்.

#4 உயிரியல் டீச்சர்

கஹாங் ரோட், நீங்கள் பார்த்த சவ்வைப் பற்றிச் சொல்கிறேன். நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், பத்து வருடமாக முக்குளிக்கிறேன்.

கிளிமீன் வகைகள் சில, தூங்கும் முன் செவுள் பக்கமுள்ள சுரப்பியிலிருந்து வழவழப்பான பசையை விட்டு, உடம்பைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். ராத்திரியில் இரத்தம் உறிஞ்ச வரும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிகளை அது தடுக்கிறது. ஆய்வாளர்கள் கொசுவலையோடு ஒப்பிடுகிறார்கள், பொருத்தமான ஒப்பீடு. தினமும் ராத்திரி புதிதாகக் கட்டும். உள்ளே இருக்கும்போது ஆழ்ந்த தூக்கம். டார்ச் அடித்தாலும் ஓடாது. அதனால்தான் ராத்திரி ஈட்டிக்குக் கிளிமீன்தான் முதலில் காலியாகும். பகலில் அதே மீனை மூச்சடக்கிப் போய் நெருங்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

நீங்கள் அடித்தது பளிச்சென்ற பச்சை என்றீர்கள். பல கிளிமீன் வகைகளில் இளம் மீன்கள் பழுப்பாக, மங்கலாக இருக்கும், பெரும்பாலும் பெண். வளர்ந்தபின் சில மட்டும் ஆணாக மாறி அந்தப் பச்சையும் நீலமும் பெறும். ஒரு திட்டில் அப்படிப்பட்ட ஆண் கொஞ்சம்தான் இருக்கும். களவா மீனும், நாம் கெராப்பு என்போமே, அதேபோல் பெண்ணாக ஆரம்பித்து ஆணாக மாறுவதுதான். தூண்டிலில் எது கடிக்கும் என்பது நம் கையில் இல்லை. ஈட்டி பிடித்தவன் தேர்ந்தெடுக்கிறான், எப்போதும் பெரியதைத்தான் தேர்ந்தெடுக்கிறான். அந்தத் திட்டுக்கு அதிகம் தேவைப்படுவதும் அந்த மீன்தான்.

அப்புறம் அவை பாறையில் என்ன வேலை செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை இவை. பாசி மூடினால் புதுப் பவளம் ஒட்ட இடம் இருக்காது. தண்ணீருக்குள் தலையை வைத்தால் கறக் கறக் என்று ஒரு சத்தம் கேட்கும், அது இவை கடிக்கும் சத்தம். கடித்த சுண்ணாம்பு தொண்டைப் பற்களில் அரைபட்டு மணலாக வெளியே வரும். சபாவின் சிப்பாடான் தீவில் காலையில் கூட்டமாக வரும் மொட்டைத்தலைக் கிளிமீன் ஒன்று மட்டும் வருடத்துக்கு 5 டன்னுக்கு மேல் அரைக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் படுத்து வெயில் காயும் வெள்ளை மணலில் பெரும் பங்கு இவற்றின் வேலை. கரீபியக் கடலோரத்து பெலீஸ் நாட்டில் 2009 முதல் கிளிமீனைப் பிடிப்பதே தடை.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கண்ணில் நிற்கிறது என்றீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

#5 லாயாங் லாயாங்

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பையன் ஒரு மீன் அடித்ததற்கு இவ்வளவு பேச்சு. இழுவைப் படகு, நாம் புக்காட் துண்டா என்போமே, அது ஒரு ராத்திரியில் கடலின் அடியைத் துடைத்து எடுத்து வருவதில் பாதி குஞ்சும் குப்பையும். வாத்துத் தீவனத்துக்குப் போகிறது. சபாவில் வெடி போட்டுப் பாறையையே உடைத்திருக்கிறார்கள். பாசாரில் கிலோ 60 வெள்ளி கொடுத்துக் கெராப்பு வாங்குகிறவர் எப்படிப் பிடித்தது என்று கேட்கிறாரா? ஈட்டியில் வேண்டாத மீன் சாவதில்லை, வலை அறுந்து கடலில் கிடப்பதில்லை, தூண்டில் இரையும் இல்லை. எது வேண்டுமோ அதை மட்டும், தன் மூச்சை அடக்கிக்கொண்டு போய் எடுக்கிறான். நான் பன்னிரண்டு வருடமாகப் பூங்காவுக்கு வெளியே பாரையும் தெங்கிரியும் (வஞ்சிரம்) மட்டும் அடிக்கிறேன். என்னையும் திருடனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள். இது நியாயமா?

#6 மெர்சிங் படகு

லாயாங், நீ சொன்னதில் முக்கால்வாசி உண்மை. இழுவைப் படகைப் பற்றி என்னிடம் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவேன். நீ அடிப்பது ஓடுகிற மீன். தெங்கிரி இன்றைக்கு இங்கே, நாளைக்கு எண்டாவுக்கு அப்பால். தம்பி அடித்தது வீட்டு மீன், அது குடியிருக்கும் பாறையை விட்டு அதிகம் போகாது. இரண்டையும் ஈட்டி என்ற ஒரே பெயரில் பேசுவதால்தான் உன்னையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

#7 நிர்வாகி

அனுபவத்தை எழுதும்போது படகு நிறுவனம், தங்கும் விடுதி, ஆட்கள் பெயர் வேண்டாம். ஒரு பதிவில் ஒரு பெயரை நீக்கியிருக்கிறேன். மற்றபடி தொடருங்கள், நல்ல இழை.

#8 கேர்ன்ஸ்வாசி

கஹாங் ரோட், நான் ரெங்கத்தில் வளர்ந்து இப்போது பதினான்கு வருடமாகக் கேர்ன்ஸில் இருக்கிறேன். வாரக்கடைசியில் ஈட்டிதான். உன் கேள்விக்கு நேராக வருகிறேன்.

இங்கே கிரேட் பேரியர் ரீஃப் என்கிற பெரிய பவளத்திட்டு முழுவதையும் நிறம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். 2004 ஜூலை முதல் மூன்றில் ஒரு பங்கு பச்சை மண்டலம். பச்சையில் எதையும் எடுக்கக்கூடாது. பார்க்கலாம், நீந்தலாம், அவ்வளவுதான். மஞ்சளிலும் நீலத்திலும் ஈட்டி போடலாம், ஆனால் ஸ்னோர்க்கலோடு மட்டும். காற்று உருளை மாட்டிக்கொண்டு அடிப்பது குற்றம். விளக்கு வைத்து அடிப்பதும் கூடாது. அதாவது நீ அந்த ராத்திரி செய்த முறை, பூங்காவுக்கு வெளியே, அனுமதி உள்ள நீலத்தில் செய்திருந்தாலும் இங்கே தவறு. ஐ ஆன் த ரீஃப் என்று ஒரு செயலி இருக்கிறது, அரசாங்கத்துடையது. படகில் நிற்கும்போதே எந்த நிறத்தில் நிற்கிறாய் என்று காட்டும். குயின்ஸ்லாந்தில் கடலில் பொழுதுபோக்காகப் பிடிக்க உரிமம் வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் போனால் கட்டணம் கட்ட வேண்டும். ஒரே நாடு, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அதனால் ஆஸ்திரேலியாவில் என்ன சட்டம் என்று கேட்காதே, இந்தக் கடற்கரையில் இன்றைக்கு என்ன சட்டம் என்று கேள்.

உருளை ஏன் கூடாது என்று நிறையப் பேருக்குப் புரிவதில்லை. ஆபத்து என்று நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல. மூச்சடக்கிப் போகிறவனுக்கு ஓர் ஆழத்துக்குக் கீழே போக முடியாது, போனாலும் நிற்க முடியாது. அந்த ஆழம் மீனுக்குப் புகலிடம். வயதான பெரிய மீன்கள் அங்கே தப்பித்து இருக்கும். உருளை மாட்டினால் அந்தக் கதவும் உடைந்துவிடும். இத்தாலியிலும் இதே தடை. ஹவாயின் பெரிய தீவில் மேற்குக் கரையில் 2013-இல் கொண்டுவந்தார்கள். கரீபியக் கடலில் பொனேர் தீவு 1971-லேயே ஈட்டியை மொத்தமாக நிறுத்திவிட்டது. இன்றைக்கு அங்கே கரையிலிருந்து இறங்கினாலே மீன் பார்க்கலாம் என்று உலகம் முழுக்கப் போகிறார்கள்.

அளவு பற்றிச் சொல்ல வேண்டும், இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். கோரல் ட்ரௌட் என்று இங்கே எல்லாரும் விரும்பும் ஒரு கெராப்பு வகை, குறைந்தது 38 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தூண்டில்காரர் சின்னது வந்தால் கழற்றிவிடலாம். நம்மால் முடியாது. அடித்தபின் அளந்து என்ன பயன்? தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், 30 சென்டிமீட்டர் மீன் 40 மாதிரி நிற்கும். என் துப்பாக்கிக் குழாயில் முனையிலிருந்து 38-இல் ஒரு வெள்ளை டேப், 50-இல் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். குழாயும் தண்ணீருக்குள் அதே அளவு பெரிதாகத் தெரிவதால் ஒப்பிட்டால் ஏமாற்றாது. வெள்ளை டேப்பை ஒட்டி வரும் மீனை நான் விட்டுவிடுவேன். ஒரு விரல் தாண்டி நின்றால்தான் அடிப்பேன்.

அடிக்கவே கூடாதவை: மாவோரி ரேஸ் என்கிற நெப்போலியன் மீன், பாராமுண்டி காட், பொட்டேட்டோ காட், குயின்ஸ்லாந்து குரோப்பர். நெப்போலியனைப் பற்றி ஒரு வார்த்தை. அது இரண்டு மீட்டர் வரை வளரும், முப்பது வருடம் வாழும். 2004-இல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். மனிதனைக் கண்டால் ஒதுங்காது, பக்கத்தில் வந்து கண்ணைச் சுழற்றிப் பார்க்கும். அதை அடிப்பதில் எந்தத் திறமையும் இல்லை. 2023 டிசம்பரில் சிட்னியில் க்ரொனுலா பக்கம், குளிக்கிற ஜனங்களுக்கெல்லாம் பழக்கமான ஒரு நீலக் குரோப்பரை ஒருவர் ஈட்டியால் கொன்றார். அபராதம் போட்டார்கள். ஊரே கொதித்தது. மறு வருடம் அந்த மாநிலம் தூண்டிலில் பிடிப்பதையும் சேர்த்துத் தடை செய்தது.

அக்டோபர், நவம்பரில் அமாவாசையை ஒட்டி ஐந்தைந்து நாள் பவளத்திட்டு மீன்களுக்கு மொத்தத் தடை, முட்டையிடும் காலம். நீ டிசம்பரில் வருவதால் அது தாண்டிவிடும். ஆனால் டிசம்பர் ஜெல்லி மீன் காலம், ஸ்டிங்கர் உடை இல்லாமல் இறங்காதே. ஆற்று வாய்ப்பக்கம் முதலை உண்டு, அங்கே போகவே வேண்டாம்.

உயிர் முக்கியம். துப்பாக்கியில் ரப்பரைத் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் மாட்ட வேண்டும், படகில் ஒருபோதும் இல்லை. ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே மிதந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சடக்கிப் போகிறவன் பெரும்பாலும் மேலே வரும்போது, கடைசி சில மீட்டரில்தான் நினைவு தப்புவான். முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் பிழைக்க வாய்ப்பு. பிடித்த மீனை இடுப்பில் கட்டாதே, மிதவையில் தள்ளிக் கட்டு, சுறா வரும்.

கடைசியாக ஒன்று, இது எந்தச் சட்டத்திலும் இல்லை. அடித்த மீன் ஈட்டியோடோ, ஈட்டியிலிருந்து கிழித்துக்கொண்டோ இடுக்குக்குள் போய்விட்டால், அன்றைக்கு என் வேட்டை அந்த மீனைத் தேடுவதுதான். அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேட மாட்டேன். போன மாதம் ஒன்றரை மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டேன்.

#9 பாலோ பையன்

டேப் விஷயம் மிக உதவி அண்ணே. ஒரு சந்தேகம், விமானத்தில் ஸ்பியர்கன் கொண்டுபோகலாமா?

#10 கேர்ன்ஸ்வாசி

கைப்பையில் விடமாட்டார்கள், சரக்குப் பெட்டியில்தான். ஈட்டி முனையைக் கழற்றி மூடி வைக்க வேண்டும். ஆனால் எடுத்துக்கொண்டு போவதே வேண்டாம் என்பேன். சில நாடுகளில் சுங்கத்திலேயே பிரச்சினை. போன இடத்தில் முறையாகச் செய்கிறவன் யாராவது இருந்தால் அவனிடம் இருக்கும். அப்படி ஒருவனும் இல்லை என்றால் அங்கே ஈட்டி போடாமல் வருவது நல்லது.

#11 வார்டு நர்ஸ்

இதைச் சாப்பாட்டுப் பக்கம் இருந்தும் பாருங்கள். சிகுவாட்டெரா என்று ஒரு மீன் நஞ்சு உண்டு. பவளப்பாறையில் வளரும் நுண்ணிய பாசி ஒன்றிலிருந்து வருகிறது. பாசி தின்னும் மீன், அதைத் தின்னும் மீன் என்று ஏறி ஏறிப் பெரிய மீனில் சேர்ந்துவிடும். ஷீலா, அஞ்சாளை, பெரிய கெராப்பு, சில சிவப்பு மீன்கள் முக்கியமானவை, கிளிமீனிலும் வந்திருக்கிறது. வாசனை, ருசி எதிலும் தெரியாது. வேகவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, வாயைச் சுற்றி மதமதப்பு வரும். குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுடுகிற மாதிரி இருக்கும். வாரக்கணக்கில்கூட நீடிக்கும். எந்தப் பாறையில் எந்த மீன் ஆகாது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வந்தவர் அவர்களைக் கேட்காமல் அடித்துச் சமைப்பது இந்த வகையிலும் ஆபத்து.

#12 பழைய பால்மரம்

தம்பிகளுக்கு வணக்கம். எனக்கு எழுபத்து மூன்று வயது. பேரன் தட்டச்சு செய்து தருகிறான். கடல் எனக்குத் தெரியாது, ஆறு தெரியும்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் பாவுங் மீன் கை நீளத்துக்குக் கிடைக்கும். அப்போது ஒராங் அஸ்லி என்கிற பூர்வகுடி ஆட்கள் கோடையில் வந்து தூபா வேரைத் தட்டிப் பாலை ஆற்றில் கலப்பார்கள். மீன் மயங்கி மிதக்கும். தேவைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அந்த மடுவுக்கு மறுபடி சீக்கிரம் வரமாட்டார்கள். நானும் என் அண்ணனும் லாரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனோம். கரண்ட் வைத்தோம். முதல் நாள் ஒரு கோணி நிறைய. லயம் முழுக்கக் கொடுத்தோம், எல்லாரும் பாராட்டினார்கள். பெரியது மட்டுமா மிதந்தது? விரல் நீளக் குஞ்சு, இறால், தவளை எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு போயிற்று. நாங்கள் பார்த்தோம், பார்த்துவிட்டு மறுவாரமும் போனோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். மூன்றே வருடம். அதற்கப்புறம் அந்த ஆற்றில் நான் பாவுங் பார்க்கவில்லை. என் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

கஹாங் தம்பி, நீ இழுத்து மாட்டினாயே ஒரு ரப்பர் பட்டை, அது பால்மரத்துப் பால். நாங்கள் முப்பது வருடம் சீவியது. சீவுவதில் ஒரு கணக்கு உண்டு. பட்டையைக் கனமாக விட்டால் பால் வராது. உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் படும், காயம் என்போம். காயம் விழுந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வரும், அங்கே மறுபடி உளி ஓடாது. அன்றைக்கு மட்டும் பார்த்தால் ஆழமாகச் சீவினவனுக்குத்தான் மங்கு நிறையும். தண்டல் காலையில் மரம் மரமாக வந்து விரலால் தடவிப் பார்ப்பார். காயம் இருந்தால் சம்பளத்தில் பிடிப்பார். அவர் வராத நிரையில்கூட என் அம்மா காயம் போடமாட்டார். ஏன் என்று கேட்டால், நாளைக்கும் நான்தானே இந்த நிரைக்கு வரப்போகிறேன் என்பார்.

நீ சுற்றுலா போனவன். நாளைக்கு அந்த நிரைக்கு நீ வரப்போவதில்லை. அந்தக் கடைக்காரம்மா வருவார். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். கிளம்பும் முன் அவரிடம் ஏதாவது சொன்னாயா?

#13 லாயாங் லாயாங்

ஐயா, உங்கள் பதிவை மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் முன்னால் எழுதியதில் இழுவைப் படகு பற்றி மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் இழுவைப் படகு இருக்கிறது என்பதை இந்த விஷயத்துக்குப் பதிலாக வைத்தது சரியில்லை.

#14 உயிரியல் டீச்சர்

ஐயா சொன்ன ஒராங் அஸ்லி முறை மாதிரி பல இடங்களில் இருக்கிறது. சபாவில் தாகால் என்று ஆற்றை ஊரே கூடி மூடி வைப்பார்கள், திறக்கும் நாளில் எல்லாரும் சேர்ந்து பிடிப்பார்கள். பசிபிக்கில் பலாவ் தீவுகளில் புல் என்று பெயர், மீன் முட்டையிடும் காலத்தில் ஊர்த் தலைவர்கள் பாறையை மூடிவிடுவார்கள். அரசாங்கப் பூங்கா வரும் முன்னாலேயே இருந்தவை இவை. பலகை தேடினால் கிடைக்காது, ஊர்க்காரர் வாயில்தான் இருக்கும். ஆகவே போகும் இடத்தில் பூங்கா அலுவலகத்தை மட்டும் கேட்டால் போதாது, கரையில் வலை பின்னுகிறவரையும் கேட்க வேண்டும்.

#15 கஹாங் ரோட்

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து வருகிறேன், இடையில் இரண்டு காரியம் செய்தேன்.

ஐயா கேட்டதற்கு, இல்லை, அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல்தான் கிளம்பினேன். தங்கிய இடத்தில் கொடுத்த எண் போனில் இருந்தது. அவர்கள் மூலமாக அந்த அம்மாவுக்கு மலாயில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பகலில் ஏன் போகவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது, கால் நிமிடம்கூட இல்லை. அந்த மீன் அந்தப் பாறையில் பல வருடமாக இருந்ததாம். காலையில் அவர் பேரப்பிள்ளைகள் நீந்தப் போனால் அதே இடத்தில் நிற்குமாம். பிள்ளைகள் இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். கோபமாகப் பேசவில்லை. அடுத்த தடவை வந்தால் கடைக்கு வா என்றார்.

இரண்டாவது, சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். எந்த நிறத்தில் போடுகிறாய் என்று கேட்டேன். எல்லாரும் போடுகிற இடம்தான் என்றான். செயலியை இறக்கிப் பார்க்கச் சொன்னேன். ராத்திரி பதினோரு மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டான். அவன் வழக்கமாகப் போகும் திட்டின் ஒரு பாதி மஞ்சள், கிழக்குப் பாதி பச்சை. இரண்டு வருடமாக இரண்டு பக்கமும் போட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பரில் போகிறேன். முதல் மூன்று நாள் துப்பாக்கி இல்லாமல், ஸ்னோர்க்கல் மட்டும். எது எந்த மீன், எது எந்த வயசு என்று பார்த்துப் பழகாமல் கையில் எடுப்பதில்லை. கிளிமீனை எங்கேயும் அடிப்பதில்லை, சட்டம் விட்டாலும். நான்காம் நாள் நீலத்தில், பகலில், பாரை கிடைத்தால் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கேர்ன்ஸ்வாசி அண்ணே, அந்த நாள் நீங்களும் கூட வர முடியுமா? எங்கள் இருவருக்கும் மேலே மிதந்து பார்த்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

#16 கேர்ன்ஸ்வாசி

வருகிறேன். உன் தம்பி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பு, அதற்கு முன்னால் அவனை ஒருநாள் குளத்தில் சந்தித்துக்கொள்கிறேன். ஸ்டிங்கர் உடை என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. உன் உயரம் எழுது.